ஓடுகிற லிஃப்ட்டுக்கு மனு கிடையாது

எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்று பதினான்கு மாதம் ஆனபோது, அதைத் தானே சரிசெய்யப் போவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். வாயில் பிரஷ் இருந்தது, நுரை தாடையில் வழிந்துகொண்டிருந்தது. பெரிய விஷயங்களை எல்லாம் அவர் அப்படித்தான் சொல்வார். மறுகேள்வி கேட்டால் வாய் கொப்பளிக்கப் போய்விடலாம் பாருங்கள்.

நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. எனக்கு இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். மூன்றாவது தடவையைப் பற்றிக் கேட்டால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இறங்குவதை எப்படியோ சமாளிப்பேன். படிப்படியாக உட்கார்ந்து, பின்பக்கத்தாலேயே நகர்ந்து, முக்கால் மணி நேரத்தில் தரைக்கு வந்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஏறுவதுதான் கொடுமை. நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்து உள்ளே விட்ட உடம்பு நிற்கவே நிற்காது. நூற்றிரண்டு படி.

அந்தப் பதினான்கு மாதமும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மேலே தூக்கி வந்தவர்கள் கட்டடத்து ஆண்கள்தான். நாற்காலியின் காலுக்கு ஒருவராக நாலு பேர், முன்னால் ஒரு காலில் எப்போதும் இவர். முதல் மாதம் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஐந்தாவது மாதம் கூப்பிட்டால் வந்தார்கள். பத்தாவது மாதம் வாடகை வண்டி வாசலில் நிற்கும் சத்தம் கேட்டதும் மேலே கதவுகள் சாத்திக்கொள்வது எனக்கே கேட்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் ஒன்றும் பூங்கொடி இல்லை.

கீழ் வீட்டுக்கு மாறக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள், எல்லோரும் கேட்டார்கள். தரைத் தளத்தில் தண்ணீர் மோட்டார் அறையும் மீட்டர் பலகையும்தான் குடியிருக்கின்றன. முதல் மாடிக்காரர்களோடு மாற்றிக்கொள்ள வீட்டு வசதித் துறை சம்மதிக்காது, ஒதுக்கியது ஒதுக்கியதுதான் என்பார்கள். என் தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். இரண்டு அறையில் ஏழு பேர். தங்கை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பாத்திரங்கள் பேசின. திரும்பி வந்துவிட்டேன்.

லிஃப்ட்டுக்காக எங்கள் கட்டடம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. மூன்றாவது மாடியில் மனுக்காரர் இருக்கிறார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், முன்பு ஏதோ அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அவர் எழுதாத அதிகாரி இல்லை. பச்சை அட்டைக் கோப்பு ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு திரிவார். துறைக்குப் போனார், வார்டு உறுப்பினரிடம் போனார், உறுப்பினர் கட்சி மாறியதும் பழைய கட்சிக்கும் புதிய கட்சிக்கும் தனித்தனியாகப் போனார். தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் நேரில் பார்க்கிறேன் என்று படி ஏறினார். மூன்றாவது மாடியில் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. அங்கேயே நின்று வாக்குறுதி கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். நாலு, ஐந்து, ஆறாவது மாடிக்காரர்களுக்கு வாக்குறுதிகூட வந்து சேரவில்லை.

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பிறகு ஏன் பதினான்கு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார் என்றால், மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறைக்குத் துறை பூட்டுப் போட்டிருந்தது. அடுத்தவன் பூட்டில் கை வைக்கக்கூடாது என்பது அவருக்குத் தொழில் மரியாதை. அந்த மரியாதை ஒரு புதன்கிழமை போனது. நாலாவது மாடித் திருப்பத்தில் ஒருவருக்குக் கை நழுவி, நாற்காலி சாய்ந்து, நான் சுவரில் மோதினேன். நெற்றியில் வீக்கம், அவ்வளவுதான். மறுநாள் காலையில்தான் வாயில் பிரஷ்ஷோடு அந்த அறிவிப்பு வந்தது.

மனுக்காரர் செய்தி கேட்டு மேலே ஓடி வந்தார். கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கிறது, புது லிஃப்ட்டே வரலாம், இந்த நேரத்தில் பூட்டை உடைத்தால் எல்லாம் பாழாகிவிடும் என்று கெஞ்சினார். இவர் இரும்பறுக்கும் ரம்பத்துக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"காகிதம் ஆளைத் தூக்காதுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அவரைக் கல்யாணம் செய்துகொண்ட நாளைவிட அதிகமாகப் பிடித்தது.

பதினொரு நாள் வேலை பார்த்தார். அறுபத்து நாலு வயசில், காலையில் மேலே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கறுப்புக் கையோடு வருவார். பிரேக் தேய்ந்திருந்தது, ரிலேக்கள் கருகியிருந்தன. பழைய சகாக்களிடம் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியில் ஒரே ஒரு சிக்கல். தரைத் தளக் கதவின் லாக் உடைந்திருந்தது. எந்த மாடியிலாவது கதவு சரியாகப் பூட்டாவிட்டால் லிஃப்ட் நகராது, நகரவும் கூடாது. அந்த மாடல் லாக் இப்போது யாரும் தயாரிப்பதில்லை. ஒரு முழக் கம்பியை எடுத்து லாக்குக்கு வரும் இரண்டு ஒயர் முனையையும் சேர்த்துவிட்டால் கதவு திறந்திருந்தாலும் ஓடும். பாதி மெக்கானிக்குகள் அதைத்தான் செய்வார்களாம். இவரோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி விட்டுப் போன இடத்தில், லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்து ஒரு பெண் வெறும் குழிக்குள் காலை வைத்தாள். அந்தக் கம்பியை மட்டும் நான் தொடமாட்டேன் என்றார்.

மற்ற மாடிக் கதவுகள் வேறு மாதிரி, அவற்றின் லாக் இதற்குப் பொருந்தாது. அதே மாடல் லாக் இன்னும் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. மூன்றாவது மாடி. அதைக் கழற்றித் தரைத் தளத்தில் மாட்டினார். மூன்றாவது மாடிக் கதவை இரும்புப் பட்டை வைத்து நிரந்தரமாக மூடினார். லிஃப்ட் ஓடியது. மூன்றாவது மாடியில் மட்டும் நிற்காது.

மூன்றாவது மாடியில் நாலு வீடு. மனுக்காரர் வீட்டில் பிரசவத்துக்கு முன்கூட்டியே வந்திருந்த மகளுக்கு ஐந்தாவது மாதம். ஒரு மாடிதானே, ஏறி நாலாவதில் பிடிக்கட்டும், இல்லாவிட்டால் இறங்கி இரண்டாவதில் பிடிக்கட்டும் என்றார் இவர். அரசியலே வேண்டாம், நாமே செய்வோம் என்று ஆரம்பித்த மனிதர், யாருக்கு லிஃப்ட் உண்டு, யாருக்கு இல்லை என்று முதல் வாரமே தீர்ப்பு எழுதவேண்டி வந்துவிட்டது. நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனுக்காரரோ மகள் கையைப் பிடித்து ஒரு மாடி ஏற்றிவிட்டு, லிஃப்ட்டுக்குள் எங்களைப் பார்த்தால் தலையசைப்பார். நல்ல மனிதர் என்றுதான் சொல்லவேண்டும்.

நாலு மாதம் நான் மகாராணி மாதிரி இறங்கினேன், ஏறினேன். கதவுகள் திறந்தன. இத்தனை நாளும் என்னைப் பார்த்தால் வாட்சைப் பார்த்தவர்கள் நின்று விசாரித்தார்கள். ஒருவரை ஒருவர் சுமக்கத் தேவையில்லை என்றால் மனிதர்கள் எவ்வளவு அன்பானவர்கள்!

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் மேலே போய்வருவார். லிஃப்ட்டைத் தாங்கும், மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்த இரும்புக் கயிறு பழசு. ஒரு பழைய தலையணை உறையைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்டை மெதுவாக ஓடவிடுவார். அறுந்த கம்பி எங்கே இருக்கிறதோ அங்கே துணி மாட்டும். ஒரு முறுக்குக்குள் எத்தனை அறுந்திருக்கிறது என்று எண்ணுவார். இத்தனைக்கு மேல் போனால் ஓட்டக்கூடாது என்று ஓர் எண் அவர் மனசில் இருந்தது. எனக்குச் சொல்லவில்லை. புதுக் கயிறு மாற்றினால் என்ன என்று கேட்டேன். கடையில் வாங்குகிற சாமான் இல்லை அது. துறையின் உத்தரவுக் கடிதம் இல்லாமல் கம்பெனி தராது. கடிதம் கேட்டால், பூட்டை உடைத்தது யார் என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அப்போதுதான் நடக்காது என்று எல்லோரும் நினைத்தது நடந்தது. மனுக்காரரின் மனு பலித்துவிட்டது. பழுதான பழைய லிஃப்ட்டுகளுக்குப் பதில் புது லிஃப்ட் வைக்கும் பட்டியலில் எங்கள் கட்டடம் இருந்தது. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, லிஃப்ட் ஓடவில்லை என்று எழுதவேண்டியதுதான் பாக்கி. மனுக்காரர் பச்சைக் கோப்போடு ஆறாவது மாடிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரே ஒரு நாள் நிறுத்தி வைங்க. அவர் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

காலை எல்லாம் பிடிக்கவேண்டாம் என்று இவர் சம்மதித்தார். அந்தக் கயிறு எத்தனை நாள் வரும் என்பது அவருக்குத்தானே தெரியும். ஆய்வு நாள் வெள்ளிக்கிழமை. பொறியாளர் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஆஸ்பத்திரி முடிந்து திரும்ப ஒரு மணி ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். காலையில் என்னை இறக்கிவிட்ட கையோடு இவர் மொட்டை மாடிக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

பத்து மணிக்கு வருகிற அதிகாரி எந்த ஊரில் பத்து மணிக்கு வந்திருக்கிறார்? என் வண்டி வாசலில் நின்றபோது அவர் அப்போதுதான் வந்து லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கட்டடமே நின்றிருந்தது. அன்றைக்கு எனக்கு ரத்த அழுத்தம் ரொம்பவே இறங்கியிருந்தது. வண்டிக்காரருக்கு அடுத்த சவாரி, என்னைப் படிக்கட்டின் முதல் படியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார். பொறியாளர் நிதானமானவர். கதவு இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். கதவு ஓடும் தடத்தை விரலால் தொட்டு, கிரீஸ் புதுசாக இருக்கிறதே என்றார். அது இவருடைய வினை. செத்த மாதிரி காட்டவேண்டிய லிஃப்ட்டை முந்தைய நாள் துடைத்து, எண்ணெய் போட்டு, உள்ளே பல்பைக்கூட மாற்றி வைத்திருந்தார். அதிகாரி பார்க்க வருகிறார் என்றால் சுத்தமாக இருக்கவேண்டாமா என்று முப்பத்தொரு வருஷப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. மனுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தார். பொறியாளரும் தலையாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். பக்கம் பக்கமாக இருந்தது அந்தப் படிவம்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்தேன். வாந்தி வந்து, டயாலிசிஸ் ஊசி குத்திக் கட்டுப் போட்டிருந்த கை மேலேயே எடுத்துவிட்டேன். நாற்காலியில் தூக்கிவிடலாம் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். யாரும் நகரவில்லை, நாலு மாதத்தில் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இன்னும் பத்து நிமிஷம் இருப்பேன், போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் திறக்க முடியாத அளவுக்கு ஒன்றும் இல்லை. சொல்லவில்லை. என் கட்டில் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

அவர் படி ஏறிப் போனார். ஏழு மாடி. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. திடீரென்று கதவுக்குப் பின்னால் மோட்டார் உறுமியது. எல்லோரும் திரும்பினார்கள். மேலிருந்து விளக்கு வெளிச்சம் இறங்கி வந்தது, கதவு திறந்தது, உள்ளே இவர் நின்றிருந்தார். மூச்சு வாங்க, யாரையும் பார்க்காமல் வந்து, என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து எழுப்பி உள்ளே கொண்டுபோனார். கதவு மூடும்போது பொறியாளர் பேனாவை எடுத்து ஒரு வரியை அடிப்பதைப் பார்த்தேன்.

பொறியாளர் மோசமான மனிதர் இல்லை. பூட்டு உடைந்ததைப் பற்றி எதுவுமே எழுதவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினார். லிஃப்ட் இயங்கும் நிலையில் உள்ளது, கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது என்று மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மனுக்காரர் அதைத் தரைத் தளத்தில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். அவருடைய பேரக்குழந்தை பிறந்து அதற்குப் பத்து நாள் ஆகியிருந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை.

கட்டடத்தில் எங்களோடு பேச்சு நின்றது. லிஃப்ட் நிற்கவில்லை, அதில் எல்லோரும் ஏறினார்கள். நானும் இவரும் உள்ளே இருந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எண்களைப் பார்ப்பார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். புது லிஃப்ட் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. நான் ஒருத்தி ஒரு மத்தியானம் கட்டிலில் படுப்பதற்காக இருபத்து நாலு குடும்பத்தின் லிஃப்ட் போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் மேலேயிருந்து சீக்கிரமாக இறங்கி வந்தார். படியில் வந்தார். தலையணை உறையை வாசலிலேயே போட்டுவிட்டு, கை கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுபோச்சு. நிறுத்திட்டேன்."

கயிற்றில் அறுந்த கம்பிகள் அவர் மனசிலிருந்த எண்ணைத் தாண்டிவிட்டன. யாரும் மறுபடி ஓட்டிவிடக்கூடாது என்று மோட்டார் அறை சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒயர்களையே கழற்றி எடுத்துவிட்டார். நான் சண்டை போட்டேன். வேறு யாரும் ஏறவேண்டாம், நான் மட்டும் ஏறுகிறேன், வாரத்தில் மூன்று நாள், ஒரு தடவை இறக்கம், ஒரு தடவை ஏற்றம், இந்தக் கயிறு எனக்கு அதுகூடத் தாங்காதா என்று கேட்டேன். அழுதேன். எப்படியும் போகிற உயிர்தானே, லிஃப்ட்டில் போனால் என்ன, படியில் போனால் என்ன என்றேன்.

"என் கையால வேணாம்," என்றார்.

வேண்டுமென்றே நிறுத்திவிட்டார், நாம் பேசாததற்குப் பழிவாங்குகிறார் என்று கீழே பேசிக்கொண்டார்கள். இவர் தலையணை உறையை எடுத்துக்கொண்டு மாடி மாடியாகப் போய், துணி எங்கெங்கே கிழிந்திருக்கிறது என்று காட்டினார். அழுக்குத் துணியைப் பார்த்து யார் என்ன புரிந்துகொள்ள முடியும்? பழைய கம்பெனிக்கு மூன்று தடவை போய் வந்தார். அவரிடம் தொழில் கற்ற ஆள்தான் இப்போது அங்கே மேலாளர். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, கடிதம் இல்லாமல் கயிறு தர முடியாது என்றாராம். கடைசியில் மனுக்காரர் வீட்டுக்கே போனார். மனுக்காரர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பேரனைக்கூடக் காட்டினார். கோப்பைத் திறக்கவில்லை.

"எழுதித் தர எனக்கு என்ன, பத்து மனு எழுதலாம். ஆனா அவங்க பதிவேட்டுல நம்ம லிஃப்ட் ஓடிக்கிட்டு இருக்கு. ஓடுற லிஃப்ட்டுக்கு மனு வாங்கமாட்டாங்க. அடுத்த ஆய்வு வரும்போது ஓடலைன்னு எழுதினாத்தான் உண்டு."

அடுத்த ஆய்வு எப்போது என்று கேட்டதற்கு, வருஷத்துக்கு ஒன்று, அடுத்தது தேர்தல் முடிந்த பிறகு இருக்கலாம் என்றார். இவர் வந்து என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் அதைச் சொன்னார். நான் என் கணுக்காலைப் பார்த்தேன்.

இந்தத் திங்கட்கிழமை உட்கார்ந்து நகர்ந்து இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது இவர் ஒவ்வொரு வீடாகத் தட்டினார். இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது மாடி வரைக்கும் தூக்கினார்கள், பிறகு ஒருவருக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. மிச்சம் மூன்று மாடியை நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். மத்தியானம் ஆரம்பித்தது, வீட்டுக் கதவைத் திறக்கும்போது தெருவிளக்கு எரிந்தது. இவர் என்னைக் கட்டிலில் விட்டுவிட்டுத் தரையில் அப்படியே படுத்துக்கொண்டார். அவருடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

நேற்று புதன்கிழமை. காலையில் கிளம்பினோம். வழக்கம்போல அவர் எனக்கு ஒரு படி கீழே, பின்பக்கமாகவே இறங்கினார். நான் வழுக்கினால் பிடிப்பதற்காக இரண்டு கையையும் நீட்டி வைத்திருந்தார். அந்தக் கைகள் நடுங்கின. பிடிப்பதற்கு முன்பே, சும்மா நீட்டியிருக்கும்போதே நடுங்கின. நாலாவது மாடித் திருப்பத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு எடுத்துக்கொள் என்றார். நான் ஓய்வு எடுக்கவில்லை, கணக்குப் போட்டேன். இன்னும் நாலு மாடி இறங்கவேண்டும். பிறகு ஆறு மாடி ஏறவேண்டும். வெள்ளிக்கிழமை மறுபடியும். அந்தப் படிகளில் எங்கேயோ ஒன்றில் நான் தனியாக உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிடும், இவர் எனக்குக் கீழே நிற்கமாட்டார் என்று தோன்றியது. அதை என்னால் தாங்க முடியாது.

"ரெண்டு மாடிதான் இறங்கியிருக்கோம்," என்றேன். "திரும்பிப் போயிடலாங்க. வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை என்ன மாறிவிடும் என்று அவர் கேட்பார், கோபப்படுவார், எழுந்திரு என்று அதட்டுவார் என்று காத்திருந்தேன். பூட்டை உடைத்த மனிதர் அல்லவா! அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கீழே பார்த்தார். நாலு மாடியும் தெரியும் அங்கிருந்து. அப்புறம் நான் இருந்த படிக்கு ஏறி வந்தார். என் கக்கத்தில் கை கொடுத்து எழுப்பி, என்னை மேல்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

"மெதுவா வா," என்றார்.